பிள்ளையார் ஜாடியும் மூன்று தராசுகளும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை டி.எஸ்.பி. அம்மா முன்னிலையிலும், பயிற்சிப் பெண் காவலர்கள் ஒரு கம்பெனி முன்னிலையிலும் நான் நடனமாடினேன். ஐம்பத்து மூன்று வயதில், முழுச் சீருடையில், பாட்டுகூட இல்லாமல். வேறு யாரும் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

மலையடிவாரத்துச் சுடுதளத்தில் நாலாம் லேனுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், காலித் தோட்டாத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். சுட்ட தோட்டாவின் காலி வலப்பக்கம்தான் தெறிக்கும் என்பது, போலீஸ் பயிற்சிப் பள்ளியின் ஆயுதக் கிடங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய சிறப்பு எஸ்.ஐ. ஆவுடையப்பனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நிழல் அங்கேதான் இருந்தது.

தெறித்த காலி ஒன்று என் காலருக்குள் இறங்கியது. அடுப்புக் கங்கு ஒன்று முதுகில் வாக்கிங் போவது போல் இருந்தது. சட்டையை உருவி வெளியே இழுத்துக் குதித்தேன். தட்டு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், நான் எல்லாப் பக்கமும். தட்டில் இருந்த காலிகள் மண்ணில் கொட்டின. கடைசியில் அந்தப் பாவி என் பூட்ஸ் பக்கத்தில் கிடந்தது. குனிந்து, எடுத்து, ஊதி, கண்ணியமாகத் தட்டில் போட்டேன்.

முதல் சிரிப்பு நாலாம் லேனிலிருந்து வந்தது. முப்பிடாதி என்ற பெண். படுத்துச் சுட்டவள் படுத்தபடியே சிரித்தாள். மற்றவர்கள் எல்லாம் அவள் தொடங்கிவைத்த பிறகுதான் சிரித்தார்கள். அதையும் குறித்து வைக்கிறேன்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் காலிகளை ஒப்படைத்தார்கள். பத்து தோட்டா வாங்கினால் பத்து காலியைத் திருப்பித் தர வேண்டும். காலி கணக்குத் தீர்ந்தால்தான் மேலிடம் அடுத்த பெட்டி தோட்டாவைத் தரும். ஒன்று குறைந்தாலும், குறைத்தவர் அது கிடைக்கும்வரை மண்ணைச் சலிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பயிற்சி முடிக்கும் பாசிங் அவுட் பரேடு கிடையாது; அடுத்த கூட்டத்தோடு மறுபடி பயிற்சி.

“பத்து ஐயா.” “பத்து ஐயா.” “பத்து ஐயா.”

முப்பிடாதி தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். “ஒம்பதுதான் இருக்கு ஐயா.”

ஒன்பது என்று எழுதினேன்.

கொட்டிப் போனதையும் சேர்த்து மொத்தத்தையும் மறுபடி எண்ணச் சொன்னார் அம்மா. எண்ணினேன். மூன்று தடவை, மூன்று விடை. அம்மா சேலத்துக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும்.

“ஆவுடையப்பன், நீங்க எண்றதைப் பாத்தா எனக்கே என் விரல் மேல சந்தேகம் வருது. நட்டு, போல்ட்டு எல்லாம் எண்ணுற டிஜிட்டல் தராசு இருக்கு இல்ல? ரெண்டு மூணு மாடல் வரவழைச்சுப் பாருங்க. நல்லதா ஒண்ணு நீங்களே தேர்வு பண்ணுங்க.”

காய்கறிக் கடைத் தராசில் முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் நமக்கு லாபம் என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றி எறிந்தேன். கோமதி இரண்டு விரலால் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டாள். “என்னங்க, முதுகுல கோடு போட்ட மாதிரி சிவந்திருக்கு?” “பரேடு,” என்றேன்.

ஜூன் 4, புதன்

வாஷிங் மெஷின் கடகட என்கிறது. மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.

ஏட்டு அந்தோணி மிக்கேல் காலையில் கிடங்குக்கு வந்ததுமே ஆரம்பித்தான்.

“என்ன அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு ஒம்பதுன்னு எழுதிட்டியளாமே? பிள்ளையார்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

இதை எழுதலாமா கூடாதா என்று டீ ஆறும்வரை யோசித்தேன். எழுதுகிறேன். எங்கள் கிடங்கில், கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பழைய ஊறுகாய் ஜாடி உண்டு. எப்போதாவது மழைக்குப் பின் மண்ணிலிருந்து கிளம்பும் பழைய காலிகள், எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப் போனவை எல்லாம் அதில் கிடக்கின்றன. யாராவது ஒன்று குறைத்துக்கொண்டு முழித்தால் ஜாடியிலிருந்து ஒன்று எடுத்துத் தட்டில் போடுவோம். விக்கினம் தீரும். அதனால் ஜாடிக்குப் பெயர் பிள்ளையார். இப்படி ஒரு பிள்ளையார் இருப்பது சட்டப்படி பெரிய குற்றம். அப்படி ஒருவர் இல்லாத கிடங்கை நான் பார்த்ததில்லை.

“நேத்து இருந்த அமளியில ஞாபகம் வரல மிக்கேலு.”

“பிள்ளையாரா ஞாபகம் வரல?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அந்தப் பிள்ளை சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கோ?”

இவனுக்கு எஸ்.ஐ. பிரமோஷன் தள்ளிப் போவதற்கு இந்த வாய்தான் காரணம்.

ஜூன் 6, வெள்ளி

டவுனில் தராசுக் கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் மூன்று தராசுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கும் படலம்போல மேஜையில் துண்டு விரித்து வரிசையாக வைத்தார்.

வேலை செய்யும் விதம் எனக்கே புரிந்துவிட்டது. பத்து காலியைத் தட்டில் வைத்து, ‘இது பத்து’ என்று பொத்தானை அமுக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றின் எடையை அது மனசில் வாங்கிக்கொள்ளும். பிறகு குவியலைக் கொட்டினால் எத்தனை என்று சொல்லிவிடும்.

முதலாவது சின்னது, பச்சை விளக்கு. பழக்கடைத் தராசின் தங்கச்சி. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது கண்ணாடிக் கூண்டு போட்ட கறார்ப் பேர்வழி. எதிரே நின்று மூச்சு விட்டால்கூட எண் மாறுகிறது.

“அண்ணாச்சி, இது நகைக்கடை ஜாதி,” என்றார் மீரான். “ஒரு மயிரிழை கூடினாலும் கத்திரும். உங்களுக்கு இதுதான் தோது.”

“நமக்குக் கத்துறது ஏற்கெனவே ஒண்ணு வீட்ல இருக்கு பாய்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மிக்கேல்கூட.

ஆனி பிறக்கும் முன்னாலேயே காற்று வந்துவிட்டது. மலை இடுக்கிலிருந்து ஊளையிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வந்து தராசுத் தட்டில் உட்கார்ந்துகொள்கிறது. காலி எதுவும் வைக்காமலே பச்சை விளக்கு ‘மூன்று’ என்றது. நான் எண்ணுவது போலவே இருந்ததால் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

ஜூன் 7, சனி

இன்று மூன்றிலும் செவ்வாய்க்கிழமைக் குவியலையே கொட்டிப் பார்த்தோம்.

கறார்க்காரன்: ஒன்று குறைவு. நடுத்தரம்: காற்று அடித்தால் குறைவு, நின்றால் கூடுதல். பச்சை விளக்கு: சரியாக இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை!

மிக்கேல் அதைத் தடவிக் கொடுத்தான். “அண்ணாச்சி, இதையே வாங்கிருவோம். நல்ல மனசுள்ள மெஷின். அந்தப் பிள்ளையும் ஊர் போய்ச் சேந்துரும்.”

முப்பிடாதி கதையை அப்போதுதான் சொன்னான். மிக்கேலுக்கு எல்லார் கதையும் தெரியும். மெஸ்ஸில் காய் நறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அவளுக்கு ரெண்டு வயதில் ஒரு மகள். புருஷன் தவறிவிட்டான். பிள்ளை மாமியாரிடம், சங்கரன்கோவில் பக்கம். மாமியார் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறாளாம்: ‘இருவதாம் தேதி வரைக்கும் வச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால ஆவாது, எம்மவ வீட்டுக்குத் திருப்பூருக்கு அனுப்பிருவேன்.’ இருபதாம் தேதி பாசிங் அவுட்.

“பாசிங் அவுட்ல பேரு வந்தா பிள்ளை இவகிட்ட. வரலேன்னா திருப்பூர்ல. அடுத்த கூட்டம் எப்போன்னு நமக்கே தெரியாது அண்ணாச்சி.”

பச்சை விளக்குக்கு ஆதரவாக ஒரு அறிக்கை எழுத ஆரம்பித்தேன். ‘கையாள எளிது’ என்று எழுதினேன். பொய் இல்லை.

ஜூன் 9, திங்கள்

அறிக்கையை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை, நேராகக் கிடங்குக்கே வந்துவிட்டார். ஒரு காலியை எடுத்துக் கவிழ்த்து மேஜையில் தட்டினார். சிட்டிகை மணல் கொட்டியது.

“மண்ணோட சேத்து எடை போட்டிருக்கீங்க.”

நான் காலிகளைக் கொட்டியதில் ஏறிய மண்.

எல்லாவற்றையும் உதறச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பத்துக்குப் பதில் நூறு காலியை வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பச்சை விளக்கு ஒரு தடவை இரண்டு குறைவு என்றது, மறு தடவை நாலு கூடுதல் என்றது, மூன்றாம் தடவை வாயை மூடிக்கொண்டது. கறார்க்காரன் மட்டும் சொன்னதையே சொன்னான். ஒன்று குறைவு.

“இந்த வயசுல இப்படி ஒரு மெஷினை எனக்குச் சிபாரிசு பண்றீங்களே?” என்றார் அம்மா. குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

மாலையில் வண்டியை எடுக்கும்போது சுடுதளத்தைப் பார்த்தேன். நாலாம் லேனில் முப்பிடாதி குத்தவைத்து, மாவு சலிக்கும் சல்லடையால் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள். பரேடு, கிளாஸ் எல்லாம் முடிந்த பிறகு தினமும் இதுதான். புழுதி காற்றில் பறந்து அவள் முகத்திலேயே அப்பியது. என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தாள், சல்லடையோடு.

“கிடைச்சுதா?”

“ஒரு செருப்பு ஆணி கிடைச்சுது ஐயா.”

சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவள்தானா என்று இருந்தது.

ஜூன் 11, புதன்

முழங்கால் வலி. மெக்கானிக் வரவில்லை. கோமதி துணியைக் கையால் கசக்குகிறாள், ஒவ்வொரு துணிக்கும் என்னை ஒரு தடவை பார்க்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

அவள் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி நாளை மறுநாள் உத்தரவு போடப் போகிறார்களாம்.

காலைப் பரேடு நடக்கும்போது சுடுதளத்துக்கு நடந்துபோனேன். பாதையெல்லாம் நெருஞ்சி. கால்சட்டைப் பையில் பிள்ளையார் தந்த பிரசாதம் ஒன்று. நாலாம் லேனில் பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறி, போட்டு, காலால் மூடினேன். ரொம்ப ஆழமில்லை, ரொம்ப மேலேயும் இல்லை. எதையோ நட்டுவைத்துவிட்டு வருவதுபோல் திரும்பி வந்தேன்.

செவ்வாய்க்கிழமையே தட்டில் போட்டிருந்தால் இந்த நடை மிச்சம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் சிரித்தது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த வார்த்தையை இப்போது படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. அடிக்க மனமில்லாமல் விட்டுவைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பிள்ளையார் கைவிடவில்லை. தேவைக்கு மேலேயே கொடுத்துவிட்டார்.

கறார்க்காரனுக்குக் கடைசிச் சோதனை. அம்மா, மீரான், மிக்கேல், நான் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றோம். முப்பிடாதி ஓடிவந்து வாசலில் விறைத்து நின்றாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை.

“கிடைச்சுட்டு அம்மா!”

எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் மிக்கேலும் அதே அளவு பெரிய மூச்சு விட்டான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவள் உள்ளங்கையை விரித்தாள். இரண்டு காலி.

நான் மிக்கேலைப் பார்த்தேன். மிக்கேல் உத்தரத்தைப் பார்த்தான்.

குறைந்தால் தொலைந்தது என்று அர்த்தம். கூடினால் எங்கிருந்தோ வந்தது என்று அர்த்தம். அது அதைவிடப் பெரிய வினை. அம்மா ஒன்றை எடுத்துக் கறார்க்காரன் தட்டில் வைத்தார். ‘கீங்’ என்று கத்தியது. இன்னொன்றை வைத்தார். மறுபடி கத்தியது.

“நான் சொல்லல?” என்றார் மீரான் பெருமையாக. “இந்த ரெண்டும் வெயிட் கூட. வேற செட்டு.”

அம்மா அடிப்பாகத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு காலியின் அடியிலும் செய்த வருஷம் பொறித்திருக்கும். இரண்டிலும் பத்து வருஷத்துக்கு முந்தைய வருஷம்.

“யார் குடுத்தா உனக்கு?”

“யாரும் குடுக்கல அம்மா. மண்ணுலதான் கிடந்துச்சு. ஒண்ணு மேலாப்புல, ஒண்ணு விரக்கடை ஆழத்துல.”

மேலாப்பில் கிடந்தது மிக்கேலுடையதாக இருக்க வேண்டும். சோம்பேறி.

“ரெண்டு கிடைச்சா ஏம்மா ரெண்டையும் கொண்டு வந்த? ஒண்ணை மட்டும் குடுத்திருந்தா நான் கேட்டிருக்கக்கூட மாட்டேனே.”

“தொலைச்சது ஒண்ணுதான் அம்மா. ரெண்டுல எது என்னுதுன்னு எனக்குத் தெரியல.”

அம்மா தலையைச் சொறிந்துகொண்டார். “இதுல எதுவுமே உன்னுது இல்லம்மா. உன்னுது இன்னும் கிடைக்கல. வெளியிலிருந்து காலி கொண்டுவந்து கணக்குக் காட்டப் பாத்தேன்னு நான் எழுதினா, பாசிங் அவுட் மட்டும் இல்ல, வேலையே போயிடும். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வாங்க.” இரண்டாவது ஆள் நான்.

ஜூன் 14, சனி

பொய் சொன்னேன். பரவாயில்லை, இந்தப் பொய்யை எழுதி வைக்கலாம்.

அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி சுவரைப் பார்த்தபடி நின்றாள். மாமியார் காலையிலேயே போன் பண்ணிவிட்டாளாம், பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கட்டுமா என்று.

“அம்மா, அந்த ரெண்டு காலியும் நான் போட்டது,” என்றேன்.

மிக்கேலையும் சேர்த்து இழுத்திருக்கலாம். அவனுக்குப் பிரமோஷன் பாக்கி.

“எங்கிருந்து?”

“கிடங்குல ஒரு ஜாடி இருக்கும்மா. கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால.”

“பேரு என்ன வச்சிருக்கீங்க?”

“பிள்ளையார்.”

“எங்க பட்டாலியன்ல உண்டியல்னு சொல்லுவாங்க,” என்றார் அம்மா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “அதை அப்புறம் பேசுவோம். இந்தப் பொண்ணோட காலி எங்க?”

அங்கேதான் பொய் வந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“அன்னைக்கு என் காலருக்குள்ள விழுந்தது இவ காலிதான் அம்மா. நான் நின்னது இவ லேனுக்கு வலப்பக்கம். குதிச்ச குதியில அது எங்கயோ போயிட்டு. நான் குனிஞ்சு எடுத்தது கீழ கொட்டிக் கிடந்ததுல ஒண்ணு. தொலைச்சது நான்தான், இவ இல்ல.”

“அப்போ இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்தது அம்மா.”

எவ்வளவு அழகாக வந்தது! எல்லாம் பொய். முதுகைச் சுட்ட அந்தக் காலியை இந்தக் கையால்தான் எடுத்தேன், இந்த வாயால்தான் ஊதினேன். ஆனால் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“அப்படியே எழுதிக் குடுங்க.”

தண்டனை: சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கருப்பு வரி. ஜாடி ஒப்படைப்பு. கிடங்குச் சாவி இனி மிக்கேலிடம். எனக்கு மெஸ் மேற்பார்வை. சாவியை இடுப்பிலிருந்து கழற்றும்போது கால்சட்டை கொஞ்சம் இறங்கியது. இத்தனை வருஷமாக அதைத் தாங்கிப் பிடித்திருந்தது பெல்ட் அல்ல என்று தெரிந்தது.

வெளியே வரும் முன் அம்மா கேட்டார்: “தராசு? கடைசியா எது?”

“கண்ணாடிக் கூண்டு போட்டது அம்மா.”

“காரணம்?”

“அதைப் பாத்து யாரு சிரிச்சாலும் அது மனசுல வச்சுக்காது.”

அம்மா எழுதிக்கொண்டது: ‘துல்லியம் கருதி.’

ஜூன் 20, வெள்ளி

பாசிங் அவுட். காற்றில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. மெஸ்ஸில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கேசரி; அடி பிடித்துவிட்டது, பழி என் மேல்.

மிக்கேல் வாய் சும்மா இருக்குமா? ‘அந்தப் பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு அண்ணாச்சி’ என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டான். சமையல்காரர் எனக்கு மட்டும் முந்திரி தேடிப் போட்டார். எஸ்.ஐ.க்கள் எழுந்து நின்று நாற்காலி தருகிறார்கள். நான் ‘அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்றேன், அப்படிச் சொன்னால்தான் இன்னும் பேசுவார்கள் என்பதால்.

முப்பிடாதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தன் தாயின் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தது.

“ஐயா, மிக்கேல் ஐயா சொன்னாவ. எனக்காவ இல்லாததைச் சொல்லி...”

“விடும்மா. என் வயசுக்கு ஒரு பொய் என்ன செஞ்சிரும்?”

“அன்னைக்கு நீங்க ஆடுறப்போ சிரிச்சது தப்பு ஐயா.”

“நல்லா ஆடினேனா?”

இப்போது சிரித்தாள். நாலாம் லேனில் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை என்னவோ எனக்குக் குறையாகவே படவில்லை.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பொய் சொல்லுததுக்கு உங்களுக்கு மெடல் வேற குடுக்கணுமாக்கும்,” என்றாள். ஆனாலும் ரசத்தில் நெய் விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு வழியாக வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றி, இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவி, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “காக்கி பேன்ட்டை பூட்ஸுக்கு மேல ரப்பர் வளையம் போட்டு மடிச்சுக் கட்டுவீங்கல்ல சார், அதுக்குள்ள இருந்து விழுந்திருக்கும். போன வாரம் ஒரு வீட்டுல ஸ்பேனரே எடுத்தேன்.”

ஒரு காலி. சோப்பில் உருண்டு உருண்டு பொன்னாக மின்னியது. அடியில் பொறித்திருந்தது இந்த வருஷம்.